மாதாவின் பின்னால்

“அடுத்த பாப்பா வந்தால் அம்மா செத்துப்போவாவா?” என்று யேமன் நாட்டு நஜ்வாவின் மூத்த மகள் ஒருநாள் ஜசிந்தாவிடம் கேட்டாள். டொக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். ஆனால் நஜ்வாவின் கணவர் ஆண்பிள்ளைக்காகக் காத்திருக்கிறார். இன்று பார்க்கிங் என்ற இந்தப் புறநகரில் விடியலிலிருந்தே மழை. பக்கத்து வீட்டிலிருந்து நஜ்வா உப்புக் கேட்டு வெறுங் கிண்ணத்துடன் வந்து, ஜசிந்தாவின் குசினியில் மாதா சிலையின் பின்னாலிருக்கும் அட்டையிலிருந்து கருத்தடைக் குளிசையை எடுத்து விழுங்குகிறாள். அதுவே கடைசிக் குளிசை. “ஒவ்வொரு நாளும் உப்பெண்டால் உன்ர மனுசன் என்ன நினைப்பார்?” என்கிறாள் ஜசிந்தா. “சமைக்கத் தெரியாதவளைக் கட்டிவிட்டேன் என்று,” எனச் சிரிக்காமல் சொல்லிவிட்டு நஜ்வா போகிறாள். ஜசிந்தாவின் குழந்தை இறந்தே பிறந்த வாரம், இரத்தம் படிந்த படுக்கை விரிப்புகளைக் கேளாமலே எடுத்துப்போய்த் தோய்த்துத் தந்தவள் அவள். ஃபாதர் இந்தக் குளிசையைப் பாவமென்பார். ஜசிந்தா சிலுவை போட்டுக்கொள்கிறாள். நஜ்வாவுக்காகப் பார்மசியில் வாங்கிவந்த புதிய அட்டையைச் சிலையின் பின்னால் வைத்து, அது தெரியாதபடி மாதாவைச் சற்றுத் திருப்புகிறாள்.