ஓரினுக்கு ஆகாத தரிசு

எங்கள் கன்சாஸ் பக்கம் நிலத்தை உழாமல் புல்லாக விட்டுவைத்தால் அரசு மானியம் தரும். ஓரின் போய்ச்சேர்ந்ததும் அவர் மனைவி வெர்னா அதற்கு எழுதிக்கொடுத்தாள். தரிசு என்றாலே ஓரினுக்கு ஆகாது.

மே மாதம் பார்வையிட வந்த அதிகாரி டெல்பர்ட், வயல் முழுக்க உழுதுகிடப்பதைப் பார்த்தார்.

"சும்மா இருக்கத்தானே காசு. அதுகூட முடியலையா? நாளைக்கு வந்து அளந்து, மானியத்தை நிறுத்திருவேன்."

அவர் போனதும் வெர்னா வயலில் இறங்கினாள்.

"இந்தா பாரு ஓரின், இப்ப இது என் நிலம். முன்ன இருந்தபடியே ஆக்கிடு."

மறுநாள் புல் இடுப்பளவு நின்றது. டெல்பர்ட் மானியத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் போனார்.

கொட்டகையில், என்ஜினை என்றோ விற்றுவிட்ட ஓரினின் டிராக்டர் தொட்டால் சுட்டது. வெர்னா அதைத் தட்டிக்கொடுத்தாள்.

"உயிரோட இருந்தப்ப ஒரு தடவையாவது என் பேச்சைக் கேட்டிருக்கியா?"