கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜோடி பூட்ஸ்

ஆப்பிரிக்காவில் ஒரு துறைமுக ஊர். வெள்ளைக்காரத் துரைமார் ஆரம்பித்த கால்பந்து கிளப் ஒன்று அங்கே இருந்தது. கிளப் உள்ளூர்க்காரர்கள் கைக்கு வந்து ரொம்ப நாளாச்சு. ஆனாலும் கண்ணாடிப் பெட்டியில், வெள்ளிக் கோப்பைக்குப் பக்கத்தில், அந்தத் துரைமாரில் ஒருவருடைய பழைய பூட்ஸ் அப்படியே இருந்தது. ‘முதல் கோப்பையை வென்ற கோல் இந்த பூட்ஸால் அடித்தது’ என்று கீழே எழுதியிருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் கேப்டன் வந்து அதை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வது அங்கே வழக்கம்.

"என்னப்பா, இன்னிக்கும் மரியாதை உனக்குத்தானா?" என்றது கோப்பை.

"குத்திக்காட்டாதீங்க அண்ணே. அன்னிக்கு என் துரைக்குக் கணுக்கால் பிசகி, நான் எல்லைக் கோட்டுக்கு வெளியே கிடந்தது உங்களுக்குத் தெரியாதா?" என்றது பூட்ஸ்.

"தெரியுமே. ஆள் குறையுதுன்னு, மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போடுற வஞ்சாலாவை இறக்கினாங்க. வெறுங்காலால அடிச்சான் பாரு அந்தக் கோலை! போட்டோ எடுக்கும்போது அவனைத் தள்ளி நிக்கச் சொன்னாங்க. நீ நடுவுல ஜம்முனு இருந்தே."

"அப்போ எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு," என்றது பூட்ஸ், சின்னக் குரலில்.

கதவு திறந்தது. புதுக் கேப்டன் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தான்.

"அடடா, இவன் வஞ்சாலாவோட பேரனாச்சே!" என்றது கோப்பை.

அவன் பூட்ஸை இரண்டு கையாலும் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். "துரை அடிச்ச மாதிரி ஒரு கோல் எனக்கும் அமையணும்," என்றான்.

"கீழே போட்டுரு ராசா, என்னைக் கீழே போட்டுரு," என்று பூட்ஸ் கெஞ்சியது.

அவன் காதில் அது விழவில்லை. சட்டை நுனியால் தூசியைத் துடைத்து, பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனான்.