புது கியர்பாக்ஸ்

தம்பியின் பழைய கேரவன், படுக்கையும் அடுப்புமாக, அண்ணன் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மாதமாக நின்றது. அம்மாவைப் பார்க்க வந்த இடத்தில் கியர்பாக்ஸ் மண்டையைப் போட்டுவிட்டது. அண்ணனுக்கு அந்த வண்டியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

"தகர டப்பாவில குடித்தனம் பண்றான். இவனெல்லாம் ஒரு மனுஷன்."

வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக் தலையை நீட்டினார். "இருக்கிறதையே ஒட்டுப்போட்டுத் தரலாம் சார். கொஞ்ச நாள் ஓடும். புதுசு மாத்தினா நிம்மதி."

"இவன் மூஞ்சிக்கு ஒட்டே அதிகம்."

பேரனின் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "ஒட்டுப்போட்டா பாதி வழியில நின்னு, திரும்ப இங்கதான்டா வந்து சேரும். புதுசே மாத்திவிடு."

பெற்றவளுக்கே அவனைப் பிடிக்கவில்லை. அண்ணனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. தண்டச் செலவுதான், சனியன் தொலைந்தால் சரி என்று தானே பணத்தைக் கட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி துளியும் உதறாமல் கிளம்பியது. தம்பி கையசைத்தான். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்து சோபாவில் சாய்ந்தான்.

"பீடை ஒழிஞ்சுதும்மா. சூடா ஒரு காபி கொண்டா."

ஜன்னலருகே நின்ற மனைவி திரும்பினாள்.

"அத்தை பெட்டியோட அந்த வண்டியில ஏறிப் போறாங்க. நாளைக்குப் பிள்ளைங்களுக்கு யாரு சமைக்கிறது?"

பதறிப்போய் தம்பிக்கு போன் போட்டான். அம்மாவே எடுத்தாள்.

"வண்டி நல்லா ஓடுதுப்பா. பாதி வழியில எல்லாம் நிக்காது."