ஆளுக்கு நாலு நிமிடம்

முருகேசு மணியை அடித்தார். சிவசுப்பிரமணியம் வாத்தியார் பேச்சை நிறுத்தவில்லை.

"வாத்தியார், நேரம் முடிஞ்சுது," என்றார் தலைவர் தில்லைநாதன்.

"ஒழுங்குப் பிரச்சினை! நான் நடுவிலை இருமினதுக்கு அரை நிமிசம் கழிக்க வேணும்."

கூட்டம் சிரித்தது. அந்த அரை நிமிடத்தைக் கழிக்கலாமா, கூடாதா என்பதில் பத்து நிமிடம் போயிற்று.

வாசிகசாலை வளவுக்குள் நடந்துகொண்டிருந்தது கண்டனக் கூட்டம்.

முந்திய கிழமை கொழும்பில், பாராளுமன்றத்தில், எங்கள் தொகுதி உறுப்பினர் பேச எழும்பினார். கிழக்குக் குறிச்சிக் கிணறுகள் எல்லாம் உவர்த்துப் போய்விட்டன, முப்பது குடும்பங்களுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, அரசாங்கம் ஒரு வழி செய்ய வேண்டும் என்று கேட்கத்தான் எழும்பினார்.

அவருக்கு ஒதுக்கியது இருபது நிமிடம். இவர் இப்போது பேசலாமா, எந்தத் தலைப்பின் கீழே பேசலாம் என்று மற்றவர்கள் எழும்பி எழும்பி அதில் பதினாறு நிமிடத்தைத் தின்றுவிட்டார்கள்.

மிச்சம் நாலு. தண்ணீர் என்ற சொல்லுக்கு அவர் வருமுன்னரே சபாநாயகர் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டார்.

ஊருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

அந்த ஆத்திரத்தில் தில்லைநாதன் ஒரு விதி போட்டார். பென்சன் எடுத்த போஸ்ட்மாஸ்டர். நாளுக்கு ஒரு விதி போடாமல் அவருக்குச் சோறு இறங்காது. அங்கே எங்கள் ஆளுக்கு நாலு நிமிடம் என்றால் இங்கேயும் ஆளுக்கு நாலு நிமிடம். நாலு நிமிடம் எவ்வளவு சின்னது என்று ஊர் அறியட்டும்.

வாசிகசாலைக் காவலாளி முருகேசுவின் ஒரு கையில் பள்ளிக்கூட மணி. மறு கையில் தலைவரின் சட்டைப்பை மணிக்கூடு.

பூரணம் வேலியோரம் நின்றாள். இடுப்பில் வெறுங்குடம்.

கூட்டம் நடக்கிற நாளென்று கிழக்குக் குறிச்சியில் மற்றவர்கள் வரவில்லை; வந்தவள் அவள் ஒருத்திதான். வீட்டில் மகள் பிள்ளை பெற்று மூன்றாம் நாள். காய்ச்சல் விடவில்லை. கொதிக்க வைத்துக் கொடுக்க ஒரு சிரட்டை நல்ல தண்ணீர் இல்லை.

அவள் பேச்சாளர்களைப் பார்க்கவில்லை. முருகேசுவையே பார்த்துக்கொண்டு நின்றாள். முருகேசுவும் அவளைப் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

தீர்மானம் வந்தது. 'வன்மையாகக் கண்டிக்கிறது' என்பதை 'மிக வன்மையாக' என்று திருத்தவேண்டும் என்றார் சுருட்டுக்கடைச் சண்முகநாதன்.

"மிக எண்டு போட்டால் கொழும்பிலை நடுங்குவினமோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நடுங்காமல் விட்டாலும் நாங்கள் குறை வைக்கக்கூடாது!" என்றார் சண்முகநாதன்.

திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. முன்மொழிந்தவரே அதை வழிமொழியலாமா என்று ஒரு விவாதம் வந்தது. புத்தூர்ப் பக்கம் போகிற ஐந்தரை மணி பஸ்ஸும் போய்விட்டது.

பூரணம் கையை உயர்த்தினாள்.

"பேசுறவை முன்கூட்டியே பேர் தரவேணும்," என்றார் தில்லைநாதன். அப்போதுதான் குடம் அவர் கண்ணில் பட்டது. முகம் மலர்ந்துவிட்டது. "சபையோரே, உந்தக் குடத்தைப் பாருங்கோ! வெறுங்குடம்! கொழும்பிலை இருக்கிறவைக்கு உதைவிட என்ன சாட்சி வேணும்?"

நம்புவீர்களோ தெரியாது, பிள்ளைகளே. அன்று அந்தக் குடத்துக்கு விழுந்த கைதட்டல் வேறு ஒருவருக்கும் விழவில்லை. பூரணம் அதைச் சேலைத் தலைப்பால் மறைக்கப் பார்த்தாள்.

கைதட்டலில் தலைவரின் மனம் இளகியது.

"சரி, விதியைக் கொஞ்சம் தளர்த்துவம். உனக்கும் நாலு நிமிசம், பூரணம். உதிலை நிண்டே சொல்லு. முருகேசு, அடி!"

மணி அடித்தது.

பூரணம் குடத்தை இடுப்பில் ஏற்றிப் பிடித்தாள்.

நடந்தாள். கதிரைகளுக்கு நடுவால் நடந்தாள். அவள் முட்டிவிடாமல் சிலர் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மேடையையும் தாண்டினாள்.

மேடைக்குப் பின்னால், பத்தே அடி தூரத்தில், கிணறு இருந்தது.

வாசிகசாலைக் கிணறு. எந்தக் கோடையிலும் வற்றாதது. அன்று பேசியவர்கள் எல்லோரும் தொண்டை நனைத்தது அந்தத் தண்ணீரில்தான்.

கிழக்குக் குறிச்சி ஆட்கள் அந்தக் கயிற்றைத் தொடக்கூடாது. அதுவும் ஒரு விதி. அதை யாரும் முன்மொழியவில்லை, யாரும் வழிமொழியவில்லை. நாள்தோறும் பின்னேரம் நாலு மணிக்கு முருகேசு அள்ளி ஊற்றுவார். அவர்கள் தள்ளி நின்று குடத்தில் ஏந்திக்கொண்டு போகவேண்டும்.

இன்றைக்கு மூன்று மணியிலிருந்து முருகேசுவுக்கு மணி அடிக்கிற வேலை.

கப்பி கிறீச்சிட்டது.

முழுச் சபையும் திரும்பியது. வாளி தண்ணீரில் போய் விழுந்த சத்தம் கடைசிக் கதிரை வரைக்கும் கேட்டது. 'மிக வன்மையாக' என்று எழுதிக்கொண்டிருந்த வாத்தியாரின் பேனை பாதியில் நின்றது.

"எடியே, கயித்தை விடு!" என்று கதிரைகளுக்குள்ளிருந்து ஒரு குரல்.

அவள் விடவில்லை. முதல் வாளி குடத்துக்குள் இறங்கியது. இரண்டாவது வாளி கீழே போயிற்று.

தில்லைநாதன் எழும்பிவிட்டார். "முருகேசு! மணியை அடி! அடியடா மணியை!"

பதினெட்டு வருடமாக அந்தக் கயிற்றைக் கிழக்குக் குறிச்சிக்காக இழுத்த முருகேசு, மணி ஒலிக்காதபடி அதன் நாக்கை விரல்களால் பொத்திப் பிடித்தார். மணிக்கூட்டைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். அவசரமில்லாமல் பார்த்தார்.

"அவவுக்கு இன்னும் ஒரு நிமிசம் கிடக்கு, ஐயா."