வித்துராக்காரரின் பில்

இதில் ஒரு மிளகாய்க் காம்பளவுகூடப் பொய் கிடையாது. திருவனந்தபுரம் ஆரியசாலையில் எந்தக் கடைப்படியில் ஏறிக் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள்.

மிளகாய் மொத்தக்கடை அருமைநாயகத்திடம் அன்று மதியம் மிளகாய் இல்லை. லோடு லாரி நெய்யாற்றின்கரையில் டயர் வெடித்து நின்று, இப்போதுதான் கிளம்பியிருந்தது.

அந்த நேரம் பார்த்து வித்துரா சத்தியதாஸ் படியேறினார். மலையடிவாரத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். வருஷக்கணக்காக இங்கேதான் கொள்முதல்.

எதிர்க்கடை தாணுமாலயன் வாசலில் நின்று பல்லைக் காட்டினார். அவரிடம் மிளகாய் குவிந்து கிடந்தது. இன்றைக்கு ஒருதரம் சத்தியதாஸ் தெருவைத் தாண்டினால் பிறகு இந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

“ரெண்டு சாக்கு எடும் அண்ணாச்சி. பஸ்ஸு போயிரும், கேட்டேரா.”

“சரக்கு பொறத்தால கெடக்கு வே. பில்லு அடிக்காம எடுக்கப்பிடாது. கம்ப்யூட்டர் இப்ப பேட்ச் வகையில நிக்கி.”

மகள் ஜெஸி கம்ப்யூட்டர் பரீட்சைக்கு உரக்கப் படித்ததில் அருமைநாயகத்தின் காதில் ஒட்டிக்கொண்ட வகை அது. பேட்ச் என்றால் வேலைகளைச் சேர்த்துவைத்து மொத்தமாகத்தான் செய்யும். இன்னும் ஒன்பது பேர் வந்தால் பத்து பில்லும் ஒன்றாக விழும் என்றார்.

சத்தியதாஸ் மேஜைக்கு அடியில் ஒருதரம் குனிந்து பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வேற வகை ஒண்ணும் இல்லியா?”

இருந்தது. அருமைநாயகம் திரையைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு தட்டுத் தட்டி டைம் ஷேரிங்குக்கு மாற்றினார். பந்தி விசாரிக்கிறவர் மாதிரி அது ஆளுக்குக் கொஞ்சம் கவனித்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடும். சத்தியதாஸின் பெயரில் பாதி அடிப்பதற்குள் போய்விட்டது. மீதிப் பாதிக்குத் திரும்பி வருவதற்குள் இருவரும் சாயா குடித்தார்கள்.

வித்துரா பஸ்ஸும் போயிற்று.

கடைசியாக ரியல் டைம். ஆஸ்பத்திரிக் கருவிகளில் இருக்கிற வகை, நொடி தப்பக்கூடாது. மாற்றிய வேகத்தில் கொஞ்சம் முந்திக்கொண்டது. சத்தியதாஸ் தும்மப்போகிறார் என்றது. தும்மினார். மிளகாய்க் கடையில் தும்மாதவர் யார் என்று கேட்கக்கூடாது.

லாரி வருகிறது என்றது. தெருமுனையில் ஹாரன் கேட்டது.

தாணுமாலயன் ஷட்டரை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

“உம்ம கம்ப்யூட்டர் கொள்ளாம் அண்ணாச்சி,” என்று மெச்சினார் சத்தியதாஸ், வந்திறங்கிய சாக்கைத் தட்டிப் பார்த்தபடி. அருமைநாயகம் பில்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்.

மேஜைமேல் இருந்தது வெறும் திரையும் விசைப்பலகையும்தான். அடியில் இருக்கவேண்டிய, ஜெஸி ரிப்பேருக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் பெட்டி, போன வாரம் முதல் வித்துராவில், சத்தியதாஸின் மகன் ரதீஷின் கம்ப்யூட்டர் கடையில் திறந்து கிடக்கிறது.