கொலைமேடையில் ஒரு கைக்கடிகாரம்

பொய்முடியும் சரிகை தொங்கும் சட்டைக்கையுமாகக் கொலைமேடை ஏறிய பிரபுவின் இடது மணிக்கட்டில் கைக்கடிகாரம் மின்னியது.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கைக்கடிகாரம் ஏது?

பாரிஸ் நகரத்தின் இரண்டாயிரம் ஆண்டுக் கதையை ஆட்டமும் பாட்டும் கேலியுமாகச் சொல்லும் படம் அது. இப்படிப்பட்ட பிழைகளைக் குறித்துவைப்பது என் வேலை. சேர்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எழுதாமல் விட்டால் என்னை அனுப்பிவிடுவார்கள். எழுதினால் பிரபுவாக நடித்த துணைநடிகர் பெர்த்தலோவை.

இடைவேளையில் அவரிடம் போனேன்.

அருகில் பார்த்தபோது இன்னொரு பிழையும் தெரிந்தது. என் குறிப்பேட்டில் குறித்திருந்த நேரம் காலை பத்து இருபது. அவர் கையில் ஐந்து இருபது.

நின்றுபோன கடிகாரமோ என்று பார்த்தேன். நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது.

"தலையே போகப்போகுது. மணி தப்பா இருந்தா என்னம்மா?" என்றார்.

மறுநாள் இரண்டு முறை சரிபார்த்தேன். ஏழு மணி நேரம் கூடுதல், அல்லது ஐந்து மணி நேரம் குறைவு. ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் சொல்லித்தந்தபடி, இருக்கக்கூடிய காரணங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை. நான்தான் எங்கோ தவறாகப் பார்க்கிறேனோ என்றும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை, நானே திருத்தித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் சட்டென்று மணிக்கட்டை மூடிக்கொண்டார்.

"அது இந்தோசீனா மணிம்மா. எம்பையன் அங்க சண்டைக்குப் போன பட்டாளத்துல இருக்கான். இந்நேரம் ராச்சாப்பாட்டுக்கு வரிசையில நிப்பான்."

குறிப்பேட்டில் கடிகாரத்தைப் பற்றி எழுதவில்லை. 'பிரபுக்களின் சரிகை விரல்நுனி வரை தொங்க வேண்டும்' என்று எழுதினேன். இயக்குநருக்கு அது பிடித்துப்போயிற்று. எல்லாப் பிரபுக்களுக்கும் நீளச் சரிகை தைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பெர்த்தலோ வரவில்லை.

புதன்கிழமை வந்தார். தினமும் 'தலை பத்திரமா?' என்று அவரை வம்புக்கு இழுக்கும் வாயிற்காவலர், அன்று ஒன்றும் கேட்காமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

பாட்டு தொடங்கியது. தலைவெட்டுபவனாக நடித்தவன் குதித்துக் குதித்துப் பாடினான். பெர்த்தலோ தன் முறை வந்ததும் படியேறி, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்.

வணக்கம் சொல்லக் கையை உயர்த்தியபோது சரிகை முழங்கை வரை சரிந்தது.

என் குறிப்பேட்டில் பத்து இருபது.

அவர் கையிலும் பத்து இருபது.