பதினொரு மணிக்கும் ஆறாத சீசா

சென்னை ராஜதானியிலேயே சிறுநீர்ச் சீசா ஆள் மாறாத ஒரே மேஜை தன்னுடையதுதான் என்பான் சோதனைக்கூடத் தேசப்பன். ஆயா மணியம்மையோ ஒவ்வொரு சீசாவையும் வைக்குமுன் அதனிடமே பேர் கேட்பாள்.

“கேளு கேளு, ஆங்னு சொல்லும்!” என்று சிரிப்பான்.

அன்று ஆறு மணிக்கே ‘ரஹிமுன்னிசா’ என்று அவன் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய சீசா மேஜையில் இருந்தது. பதினொரு மணிக்கு எடுத்தபோதும் சூடு ஆறவில்லை. நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினான். செங்கல் நிறம் வந்தது. சர்க்கரை ஏராளம் என்று எழுதி டாக்டருக்கு அனுப்பினான். அடுத்த அறையில் இன்சுலின் போட ஊசி வெந்நீரில் கொதித்தது.

மணியம்மை காலிச் சீசாவோடு வந்தாள். “நைனா, ரஹிமுன்னிசாம்மா இப்பதான் அரக்கோணம் ரயிலவிட்டு எறங்கி வந்துகினு கீது. இதுல புடிச்சாரச் சொல்லவா?”

“அப்ப மேஜையில இருந்தது?”

“நான் வெக்கலியே.”

சர்க்கரை இல்லாத உடம்பில் இன்சுலின் ஏறினால் ஆள் பிழைக்காது. டாக்டரிடம் ஓடிச் சொல்லலாம். சொன்னால் மேஜையின் பேர் போய்விடும். மணியம்மையை வெளியே அனுப்பிவிட்டுத் தேசப்பன் கதவைச் சாத்தினான். அடுத்த அறையில் கொதிக்கும் சத்தம் நின்றது. அவன் சூடான சீசாவருகே குனிந்தான்.

“பேரு என்னாங்க?”